தெற்குப் பார்த்த கதவுகள்

இங்கிலாந்தில் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு என்னை அனுப்பிவைத்தது என் வாய்தான். தங்கையின் மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் காலை வீடு முழுக்கப் பெண்கள், பூ, சீப்பு, சுடச்சுட ஏதோ இயந்திரங்கள். நான் ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டு திரிந்தேன். மணவறைத் தூண்கள் மண்டபத்தின் உயரத்துக்குப் பொருந்தாது என்று நான் மறுபடியும் தொடங்கியபோது, தங்கை தன் கணவரைப் பார்த்தாள். அவர் கார்த் திறப்பை எடுத்தார்.

“மச்சான், உங்களுக்குப் பழைய கட்டடம் எண்டால் விருப்பமெல்லே. வாங்கோ, ஒண்டு காட்டுறன்.”

காட்டவில்லை. ஒரு வளைவு வாசலுக்கு முன்னால் என்னை இறக்கிவிட்டு, பின்னேரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது ஓர் ஆம்ஸ்ஹவுஸ். பல நூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு பணக்கார வியாபாரி, வயதுபோய் ஆதரவில்லாமல் இருந்தவர்களுக்காகக் கட்டிவைத்த வீடுகள். நான் அதற்குத் தருமவீடு என்று பெயர் வைத்துக்கொண்டேன். இன்றும் அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வளைவுக்கு மேலே வியாபாரியின் குலச்சின்னம் கல்லில் செதுக்கியிருந்தது. குடியிருப்பவர்கள் தினமும் தன் ஆன்மாவுக்காகப் பிரார்த்திக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனையாம். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நம் கோயில்களில் ஒரு டியூப்லைட் கொடுத்தவர்கூட வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதன்மேல் ‘உபயம்’ எழுதிவிடுவார். இவர் முழுக் கட்டடம் கொடுத்திருக்கிறார்.

வளைவுக்குள் போனால் முற்றம். மூன்று பக்கமும் செங்கல்லில் ஒரே தொடராகத் தாழ்வான கட்டடம், நடுவில் புல். ஒரு கதவு, பக்கத்தில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே உட்கார ஒரு மர வாங்கு. பிறகு மறுபடியும் கதவு, ஜன்னல், வாங்கு. இப்படியே முற்றத்தைச் சுற்றி வந்தது. கதவுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுத்த மரம். ஆனாலும் ஒன்றின் பித்தளைப் பிடி மினுங்கியது, இன்னொன்றின் முன்னால் பூனைக்குப் பால் வைத்திருந்தார்கள். ஒரே மாதிரியான வீட்டைக் கொடுத்தாலும் மனிதர்கள் சில நாட்களிலேயே அதைத் தங்கள் மாதிரி ஆக்கிவிடுவார்கள் என்று அதைக் கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. கூரைக்கு மேலே இரண்டு வீட்டுக்கு ஒன்றாக உயரமான புகைபோக்கிகள். பக்கத்து வீட்டு அடுப்பும் நம் அடுப்பும் ஒரே சுவரில் முதுகோடு முதுகாக இருக்கும். அயலவரோடு கோபம் என்றாலும் அவருடைய சூடு நமக்கு வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்தபடி பின்பக்கமாக நடந்து, வாங்கில் இருந்த ஒரு கிழவரின் மடியில் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிட்டேன். அவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஆட்கள் தன்மேல் விழுவது அவருக்குப் பழக்கம் போல. கோபிக்காமல் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தார். ஒரு அறை, பின்னால் குட்டிக் குசினி, மேலே படுக்கை. முன் ஜன்னல் முற்றத்துக்கு, பின் ஜன்னல் தோட்டத்துக்கு. இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம். முன் ஜன்னலை மட்டும் வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருந்தார்கள். கதிரையில் இருந்தபடியே முழு முற்றத்தையும் பார்க்கலாம். காலையில் எந்தத் திரை விலகவில்லை என்று தனக்குத் தெரியும், தான் போய்க் கதவைத் தட்டுவதாகச் சொன்னார் கிழவர். தனக்கும் யாரோ தட்டுவார்களாம்.

ஏதோ ஒன்று இந்தக் கட்டடத்தில் இல்லை, அதனால்தான் இது இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. என்ன இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் முழுதும் தேவைப்பட்டது. நடைபாதை இல்லை. உள்ளுக்குள் நீண்டு கிடக்கும், இரு பக்கமும் மூடிய கதவுகள் உள்ள அந்த இருட்டு இல்லை. ஒவ்வொரு கதவும் நேராக வானத்துக்குத் திறந்தது.

அளக்க நாடா இருக்கவில்லை. கழுத்தில் கிடந்த மப்ளரைக் கழற்றி, கதவின் அகலத்துக்கு ஒரு முடிச்சு, ஜன்னலின் உயரத்துக்கு ஒரு முடிச்சு, அறையின் ஆழத்துக்கு மடித்து மடித்து எண்ணி ஒரு முடிச்சு என்று போட்டுக்கொண்டேன். கிழவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கல்யாண வீட்டுக்குத் திரும்பியபோது தங்கை மப்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தன் கணவரைப் பார்த்தாள்.

நான் கட்டடக் கலைஞன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ரொறன்ரோவில் குசினி அலுமாரி செய்யும் கம்பனி ஒன்றில் வரைபடம் கீறி ஓய்வுபெற்றவன். நான் வடிவமைத்தவற்றில் ஒரு மனிதன் உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது மாவும் பருப்பும் வைக்கிற அலுமாரி. அதற்குள்ளும் அந்த வீட்டுக்காரர் மனைவியிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் நின்றார் என்று கேள்வி.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், டோர்செட் பார்க்கில், பல மாடிக் கட்டடம் ஒன்றின் உயரத்தில். நான் கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு, மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த வருடம் லிஃப்ட்டும் தன் பங்குக்கு நோயாளியாகிவிட்டது. அது வேலை செய்யாத நாட்களில் அவர் வெளியே போக முடியாது. வேலை செய்கிற நாட்களில், எப்போது நின்றுவிடுமோ என்ற பயத்தில் போகமாட்டார். கதவைத் திறந்தால் பழுப்புக் கம்பளம், எதிரே இன்னொரு மூடிய கதவு. ஒருநாள் அவர் அந்தக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மூடினார்.

“இஞ்சாரும், ஆரும் வந்தவையே?” என்று கேட்டேன்.

“இல்லை. வாசல் எண்டு ஒண்டிருந்தால் ஒருக்கால் திறந்து பாக்கிறதுதானே” என்றார். பிறகு, “கதவைத் திறந்தால் நான் வெளியில நிக்கோணும். எனக்கு உதுவொண்டுதான் வேணும்” என்றார்.

ஒன்றும் கேட்காத பெண். கேட்டது ஒரு கதவு. அதை வாங்கிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்த மனைவி அப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டார்.

எங்கள் ஊர்ச் சங்கம் அதே ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் ஒரு துண்டு நிலம் எடுத்து, வயதானவர்களுக்கு வீடுகள் கட்ட நினைத்திருந்த நேரம் அது. வரைபடம் போட அமர்த்தியிருந்தது இங்கே பிறந்து வளர்ந்த ஒரு கட்டடக் கலைஞரை. இளம் பெண். நான் மப்ளரோடு அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். அவர் முடிச்சுகளை மேசையில் விரித்துப் பார்த்தார்.

“அங்கிள், இது வட் ஸ்கேல்?”

“மப்ளர் ஸ்கேல், பிள்ளை. கழுவினதில கொஞ்சம் சுருங்கியிருக்கும்.”

சிரித்தார், ஆனால் கேட்டார். முற்றத்தையும் தாழ்ந்த ஜன்னலையும் கேட்டார். நடைபாதை இல்லாததைச் சொன்னபோது பேனாவை எடுத்துவிட்டார். சில வாரங்களில் அவர் கீறிக் காட்டிய படம் என் மப்ளரைவிடப் பலமடங்கு புத்திசாலித்தனமாக இருந்தது. எங்கள் நிலம் அகலம், ஆழம் குறைவு. தெரு தெற்கே. ஆகவே இரு ஓரத்திலும் சிறிய வரிசைகள், பின்னால் தெருவைப் பார்த்தபடி ஒரு நீண்ட வரிசை, நடுவில் முற்றம். பனி கதவடியில் குவியாமலிருக்க, கூரையை வெளியே நீட்டியிருந்தார். ஒவ்வொரு கதவும் தரையில், ஒவ்வொரு கதவும் வெளியே.

சங்கக் கூட்டத்தில் படத்தைத் திரையில் போட்டோம். நான் இங்கிலாந்தில் தொடங்கி, கிழவரின் தேநீரில் நின்று, நீளமாகப் பேசினேன். கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு அன்ரி கேட்டார்.

“பிள்ளை, உதில வடக்கு எந்தப் பக்கம்?”

கலைஞர் காட்டினார். அடுத்த கணம் எல்லோரும் கைத்தொலைபேசியை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்தார்கள். வீடு பார்க்கப் போகிறபோது குசினியைப் பார்க்கும் முன்பே திசை பார்க்கிற ஆட்கள் நாங்கள். தொலைபேசி உறைகளில் காந்தம் இருந்ததால் அன்று அந்த மண்டபத்தில் பல வடக்குகள் இருந்தன. அதைக் கழற்றி, இதைத் திருப்பி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

“அப்ப உந்த நீளமான வரிசை முழுக்கத் தெற்கு வாசலோ?”

“ஓம் அன்ரி. அக்சுவலி அதுதான் பெஸ்ட் சைட்.”

“யமன்ர திசை, பிள்ளை. வயசுபோன எங்களைக் கொண்டுபோய் அவரின்ர முகத்துக்கு நேர வைக்கப்போறியளே?”

“அவருக்கும் வசதிதானே. விலாசம் தேடத் தேவையில்லை” என்றார் ஒரு அண்ணை. சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும்விட்டது.

ஜன்னலின் உயரம் வரை முடிச்சுப் போட்டு வந்தவன், திசை என்று ஒன்று உலகத்தில் இருப்பதை மறந்துபோயிருந்தேன். என் சொந்த வீட்டில் தெற்கே தலைவைத்துத்தான் படுக்கவேண்டும், வடக்கே கூடாது என்று கட்டிலைத் திருப்பிப் போட்டவன் நான்.

சங்கத் தலைவர் எழுந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஒவ்வொரு வசனத்தையும் கையெழுத்துப் போடுவதுபோல முடிப்பார். அவரிடம் வேறொரு படம் இருந்தது. மாடி அடுக்கிய கட்டடம், நடுவில் நடைபாதை, ஒரு பக்கக் கதவுகள் கிழக்கே, மறுபக்கக் கதவுகள் மேற்கே. ஒருவருக்கும் தெற்கு வாசல் இல்லை. பங்குனிக் கூட்டத்துக்கு முதல் அந்த நீண்ட வரிசைக்கு ஆட்கள் பெயர் தந்தால் முற்றம், தராவிட்டால் மாடி என்று முடிவாயிற்று. ஓரத்து வரிசைகளை நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் மற்றவர்கள் கைதூக்கி எடுத்துவிட்டார்கள்.

மனைவி நீண்ட வரிசைக்குக் கைதூக்கவில்லை; தலைவர் காரணம் கேட்டபோது, யமனின் திசை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் கேட்டேன்.

“நீர் கேட்ட கதவுதானே?”

“நான் கதவு கேட்டன். தெற்குக் கதவு கேக்கேல்லை.”

“கதவைத் திறந்தால் வெளியில நிக்கலாம்.”

“நிண்டால் ஆர் முன்னுக்கு நிப்பினம் எண்டதும் பாக்கோணும்.”

ஆனால் நான் விடுவதாக இல்லை. நடைபாதைப் படம் வந்தால், அவர் இன்னொரு பழுப்புக் கம்பளத்தைப் பார்த்தபடி மிச்சக் காலத்தைக் கழிப்பார். எனக்கு அது மட்டும்தான் கணக்கில் வந்தது.

பழைய அலுமாரிப் பலகைத் துண்டுகளில் முற்றத்தின் மாதிரி ஒன்று செய்தேன். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கையில் ஒரு டார்ச். “இது தைமாதச் சூரியன்” என்று தாழ்வாகப் பிடிப்பேன். நீண்ட வரிசையின் கதவுகளில் வெளிச்சம் விழும். “இது ஆடி” என்று உயர்த்துவேன். நீட்டிய கூரை நிழல் கொடுக்கும். ஒரு வீட்டில் சின்னப் பேத்தி ஒருத்தி என் சூரியனைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டாள். அன்று முழுதும் ரொறன்ரோவுக்குக் கிரகணம்.

பக்கத்து நகரான அஜக்ஸில், மகனுடைய வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் இருந்த ஒரு அண்ணை முழுதையும் பொறுமையாகப் பார்த்தார்.

“நாங்கள் இப்ப கராஜுக்குள்ளாலதான் போய் வாறம். கார் நிண்டால் பக்கவாட்டில நண்டு மாதிரி. தெற்கெண்டாலும் வாசல்தானே” என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே உள்ளிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது.

“அண்ணை, உங்கட மனிசி பேர் குடுத்திட்டாவோ?”

“இன்னும் இல்லை.”

“அவ குடுக்கட்டும். பிறகு பாப்பம்.”

எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் கேள்வியில்தான் முடிந்தது. பலகை, டார்ச், சூரியன் எல்லாம் சரி. உன் மனைவி என்ன சொல்கிறாள்? ஸ்காபரோ முழுவதையும் மாற்ற வந்தவன், தன் குசினி மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஒருவரை மாற்ற முடியாமல் நின்றேன். அவரிடம் டார்ச்சைக் கொண்டுபோனேன். “பற்றறியை வீணாக்காதேங்கோ” என்றார்.

கடைசியில் கலைஞர்தான் சொன்னார், “அங்கிள், ஸ்டொப் ஷோயிங் தெம் த மொடல். நிலத்தைக் காட்டுங்கோ.”

கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை ஒரு வான் பிடித்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனோம். மனைவியும் வந்தார். எனக்காக அல்ல, வான் போகிறதே, வெளியே போய் வரலாம் என்று. நல்ல வெயில், ஆனால் மூக்கைக் கழற்றி எடுக்கிற குளிர். நிலத்தின் வடக்கு எல்லையில் பக்கத்துக் களஞ்சியத்தின் செங்கல் சுவர். தெற்கே தெருவோரம் உயரமான பலகை வேலி, அதன் நிழலில் பனி இறுகி ஐஸாகக் கிடந்தது. நடுவில் அரைகுறையாக உருகிய சேறு.

நான் வேலியோரம் நின்று பேசத் தொடங்கினேன். என் திட்டம், எல்லோரையும் அந்த இடத்தில் நிறுத்தி, முழுக் கட்டடத்தையும் கையால் காற்றில் கீறிக் காட்டுவது. தலைவர் என் பக்கத்தில், நான் சொல்வதை மறுக்கத் தயாராக நின்றார். நான் இரண்டு கைகளையும் விரித்து, கூரையின் நீளத்தைக் காட்ட ஓர் அடி பின்னால் வைத்தேன். கால்கள் இரண்டும் எனக்கு முன்னால் போய்விட்டன. உட்கார்ந்த சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

ஒருவரும் ஓடிவரவில்லை. மரியாதை கெட்ட கூட்டம் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். என் பேச்சைக் கேட்க அங்கே ஆட்களே இருக்கவில்லை. தலைவரையும் கலைஞரையும் என்னையும் தவிர எல்லோரும் எப்போதோ மெல்ல மெல்ல நகர்ந்து, வடக்குச் சுவரோரம் போய் நின்றுகொண்டிருந்தார்கள். சுவரடியில் பனி இல்லை. மண் காய்ந்து கிடந்தது. வெயில் நேராக முகத்தில் விழ, ஒருவருக்கொருவர் இடம் விட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடியபடி நின்றார்கள். யாரும் யாரையும் அங்கே போகச் சொல்லவில்லை. எலும்பு கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

கலைஞர் வரைபடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“அங்கிள், எழும்பாதேங்கோ. அப்பிடியே இருந்து பாருங்கோ. அவையள் நீள வரிசையிலதான் நிக்கினம். கதவு கொஞ்சம் முன்னுக்கு வரும், பட் அதே லைன்.”

நான் எழும்ப நினைத்தாலும் முடிந்திருக்காது. ஐஸில் இருந்தபடியே கத்தினேன். “எல்லாரும் அப்பிடியே நில்லுங்கோ. நீங்கள் நிக்கிறது உங்கட வாசலில.”

கண்கள் திறந்தன. சிலர் காலடியைப் பார்த்தார்கள். ஒரு அன்ரி அவசரமாக ஓர் அடி விலகினார். அந்த அடி பக்கத்தில் நின்றவரின் நிழலில் விழுந்தது. உடனே திரும்பவும் வெயிலுக்கு வந்தார்.

மனைவி வரிசையின் நடுவில் நின்றார். தடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைச் செங்கல்லில் வைத்துப் பார்த்தார். கையை நெடுநேரம் எடுக்கவில்லை. என் முழங்கை வலித்தது, பின்புறம் நனைந்தது, நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அது எளிதான காரியமல்ல.

தலைவர் சேற்றைத் தாண்டி அவரிடம் போனார். “அக்கா, வடிவா யோசியுங்கோ. இது தெற்கு.”

“எனக்குத் தெரியும் தம்பி. வெயில் எந்தப் பக்கத்தால வருது எண்டு பாக்கிறன்.”

“யமன்ர திசை எண்டு நீங்கள்தானே முந்திச் சொன்னீங்கள்.”

“ஓம், சொன்னன். இப்பவும் அதுதான்.” மனைவி என் பக்கம் திரும்பினார். நான் நிமிர்ந்து உட்கார முயன்றேன். “யமன் வந்து தட்டினால் இவர் கதவைத் திறக்கட்டும். இங்கிலாந்தில தொடங்குவார். மப்ளர் முடிச்சு வரேக்க யமன் களைச்சுத் திரும்பிப் போயிடுவார். இந்த இடம் எனக்கு எழுதுங்கோ, பிள்ளை.”

கலைஞரும் சேற்றைத் தாண்டிப் போய், வரைபடத்தை வைத்து எழுத இடம் தேடினார். தலைவரின் முதுகுதான் கிடைத்தது. அவர் குனிந்து நின்றார், முகத்தில் கையெழுத்து விழாத வசனம் போல ஒரு தோற்றம். எழுதி முடித்து அவர் நிமிர்வதற்குள், விலகித் திரும்பிய அந்த அன்ரி சொன்னார்:

“அப்ப அவவுக்குப் பக்கத்தில எனக்கு. யமன் அங்கயே களைச்சுப்போவார்தானே.”

அஜக்ஸ் அண்ணையின் மனைவி அவரைக் கையில் பிடித்து இழுத்து இரண்டு இடம் தள்ளி நிறுத்தினார். “இதில நில்லுங்கோ. அசையாதேங்கோ. பிள்ளை இஞ்சால வருது.” அண்ணை நண்டு மாதிரி இல்லாமல் நேராக நின்றார். தலைவர் மறுபடி குனிய வேண்டியிருந்தது. வரிசை இரு பக்கமும் நீண்டது. வெயில் அடிக்கிற இடத்துக்குப் போட்டியும் வந்தது. ஒரு இடத்துக்கு இரண்டு குடும்பம் நின்று, நான் முதலில் வந்தேன், நீ பிறகு வந்தாய் என்று கதை வளர்ந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு இனிய சண்டையை நான் கேட்டதில்லை.

யாரோ இரண்டு பேர் வந்து என்னைத் தூக்கினார்கள். தட்டித் துடைத்துக்கொண்டு, நொண்டியபடி சுவரடிக்குப் போனேன். வெயில் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மனைவிக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேலி திறந்திருந்த இடத்தால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு பஸ், நாயோடு ஒரு ஆள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்றார். “உதில என்ர ஜன்னல் வருது.”